சினிஸ்டர்: இந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்கிறீர்கள்?

#1 மைக்கூடு

வணக்கம். ஒரு சொல்லில் மூன்று நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பழைய இங்கிலாந்தில் நடக்கும் ஒரு துப்பறியும் கதையை மொழிபெயர்க்கிறேன். இரவு விருந்து முடிகிறது. வீட்டுக்காரர் தன் கைத்துண்டை நான்காக மடித்து, ஓரங்களை விரலால் நீவி, தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறார். அவ்வளவுதான் செய்கிறார். அவர் மடித்த விதத்தில் ஏதோ 'சினிஸ்டர்' ஆக இருந்தது என்கிறார் கதைசொல்லி.

முதலில் 'பயங்கரமாக மடித்தார்' என்று எழுதினேன். வாசித்துப் பார்த்த தம்பி, "ஏன், துணியைக் கிழிச்சிட்டாரா?" என்று கேட்டான். 'தீய விதத்தில்' என்று மாற்றினேன், பாடநூல் வாடை அடித்தது. 'அச்சுறுத்தும் விதத்தில்' என்று போட்டால் துண்டை வைத்து யாரையோ மிரட்டுகிறார் போல இருக்கிறது. என்னிடம் இருக்கும் அகராதியோ 'கேடான, தீக்குறியான' என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் 'இடப்பக்கமான' என்கிறது. அது எங்கிருந்து வந்தது?

யாராவது கைகொடுங்கள்.

#2 வெண்கட்டி

முப்பது வருடம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன் அம்மா. தமிழுக்குப் போவதற்கு முன் இந்தச் சொல்லை அதன் பங்காளிகளிடமிருந்து பிரித்து வையுங்கள். ஆங்கிலத்தில் பயமுறுத்தும் பெயரடைகள் நிறைய. எல்லாவற்றையும் நாம் 'பயங்கரம்' என்று ஒரே சாக்கில் கட்டிவிடுகிறோம்.

தெருமுனை நாய் பல்லைக் காட்டி உறுமுகிறது. அது மெனஸிங். மறைக்க அங்கே ஒன்றுமில்லை, கடிப்பேன் என்று நேராகச் சொல்கிறது. மேற்கே மேகம் கருத்து இறங்குகிறது, காற்று சட்டென்று நின்றுவிடுகிறது. அது ஆமினஸ். ஓமென் என்றால் சகுனம், அதிலிருந்து வந்த சொல். மேகத்துக்கு உங்கள் மேல் கோபம் கிடையாது, வரப்போவதைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

இப்போது இதைப் பாருங்கள். உங்களுக்குக் கடன் கொடுத்தவர் வட்டியைப் பற்றிப் பேசவே இல்லை. காபியை ஆற்றிக் குடித்துவிட்டு, "பாப்பா எந்த ஸ்கூல்ல படிக்குது? நாலு மணிக்கு விட்டுருவாங்க இல்ல?" என்று அன்பாக விசாரிக்கிறார். அது சினிஸ்டர்.

வெளியே ஒன்றும் இருக்காது. உள்ளே ஏதோ இருக்கிறது என்று நமக்குப் பட வேண்டும். அதனால்தான் ஆங்கிலத்தில் இது 'சம்திங் சினிஸ்டர்' என்று 'ஏதோ' வோடு சேர்ந்தே அடிக்கடி வரும். ஏதோ என்று தெளிவாகத் தெரிந்துவிட்டால் அப்புறம் இந்தச் சொல்லுக்கு வேலையில்லை, அங்கே குற்றத்தின் பெயரையே சொல்லிவிடலாம்.

இடப்பக்கம் என்பதும் சரிதான். லத்தீனில் சினிஸ்டர் என்றால் இடது. ஆங்கிலத்துக்கு 15ஆம் நூற்றாண்டில் வந்தது. ஷேக்ஸ்பியர் காலத்திலும் இடது என்ற பொருள் போய்விடவில்லை. அவருடைய 'எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்' நாடகத்தில் ஓர் ஆள் சுவராக வேடம் போட்டு நிற்பான். தன்னிடம் உள்ள விரிசல் வலமும் 'சினிஸ்டரு'மாகப் போகிறது என்பான். பயமுறுத்தல் ஒன்றுமில்லை, இடது என்றுதான் சொல்கிறான். அதுவும் விஸ்பர் என்ற சொல்லோடு எதுகைக்காக, நடு அசையை அழுத்தி 'சினிஸ்டர்' என்று சொல்ல வேண்டியிருக்கும். இன்று முதல் அசையை அழுத்துகிறோம்.

#3 பீச்சாங்கை

ஐயா, இடக்கைக்காரன் என்ற முறையில் என் கண்டனத்தைப் பதிவு செய்கிறேன்.

இரண்டாம் வகுப்பில் இடது கையால் எழுதியதற்கு மர அளவுகோலால் விரல் முட்டியில் அடி வாங்கியவன் நான். பந்தியில் இன்றும் எனக்கு இடப்பக்கம் உட்காருகிறவர் முழங்கை இடிக்கிறது என்று முறைப்பார். தாம்பூலத் தட்டை இடது கையால் நீட்டிவிட்டால் போச்சு, வீட்டில் ஒரு வாரத்துக்கு அதே பேச்சு. நம் ஊர் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரன் அகராதியிலேயே எழுதி வைத்திருக்கிறானா?

#4 வெண்கட்டி

@பீச்சாங்கை, அகராதியில் உங்களுக்கு இன்னும் நிறைய வசவு இருக்கிறது, உட்கார்ந்து கேளுங்கள்.

லத்தீனில் வலதுக்கு டெக்ஸ்டர். அதிலிருந்து டெக்ஸ்டரஸ், அதாவது கைத்திறன் உள்ள. இரண்டு கையாலும் வேலை செய்பவரை ஆம்பிடெக்ஸ்ட்ரஸ் என்கிறோம். சொல்லைப் பிரித்தால் 'இரண்டும் வலது கை'! அவருடைய இடது கை எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அதை வலது கை என்று மதித்தால்தான் பாராட்டு. பிரெஞ்சில் இடதுக்கு கோஷ், அது ஆங்கிலத்துக்கு வந்து 'நாசூக்குத் தெரியாத' என்று ஆனது. பைபிளில் மத்தேயு 25இல் செம்மறியாடுகள் வலப்பக்கம், வெள்ளாடுகள் இடப்பக்கம்.

தமிழும் விதிவிலக்கில்லை. வலம் என்றால் வலப்பக்கம், வலிமை, வெற்றி என்று எல்லாம் ஒரே சொல்லில். சோறு தின்பது சோற்றுக்கை, மற்றது உங்கள் பெயர். கோணலாகப் பேசுகிறவனை 'இடக்குப் பேசுகிறான்' என்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், சொல்லைக் கொடுத்த ரோமானியர்களுக்கு இடது முதலில் அபசகுனமே இல்லை. குறி பார்ப்பவர் தெற்கு நோக்கி நின்றால் இடது கைப்பக்கம் கிழக்கு, சூரியன் வருகிற திசை. இடப்பக்கம் இடி இடித்தால் நல்லது என்று எடுத்துக்கொண்டார்கள். கிரேக்கர்கள் வடக்கு நோக்கிப் பார்ப்பவர்கள், அவர்களுக்குக் கிழக்கு வலப்பக்கம் வந்துவிட்டது. இதுதான் வழக்கமாகச் சொல்லும் விளக்கம். கிரேக்கச் செல்வாக்கு ரோமுக்குள் ஏறியபோது அவர்களுடைய இடது பயமும் கூடவே ஏறியது.

#5 தகுதிவழக்கு

உள்ளே வரலாமா? முதுகலைத் தமிழ் மாணவன்.

ஐயா கிரேக்கர்களைச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வந்தது. இடதைக் கண்டு பயந்த அவர்கள் அதற்கு வைத்த பெயர்களில் ஒன்று எயோனிமோஸ், 'நல்ல பெயர் கொண்டது'. இன்னொன்று அரிஸ்டெரோஸ், 'சிறந்தது' என்ற சொல்லோடு உறவுடையது. கெட்டதைக் கெட்டது என்று வாயால் சொல்லக் கூடாது என்பதற்காக இப்படி. நன்னூலில் பவணந்தி முனிவர் சொல்லும் மங்கல வழக்கு இதேதான். சுடுகாட்டை நன்காடு என்பதும் செத்தாரைத் துஞ்சினார் என்பதும் வகுப்பில் படித்தது. படமெடுக்கிற பாம்புக்கு நல்ல பாம்பு என்று பெயர் வைத்த ஊர்க்காரர்களுக்குக் கிரேக்கர்களைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்காது.

ஆனால் தமிழில் இடது எப்போதும் கெட்டது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உமையவள் இருப்பது இடப்பாகம். கண் துடிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு இடக்கண் துடித்தால் நல்லது. சிலப்பதிகாரத்தில் இந்திர விழா நாளில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடிக்கின்றன. விழாக் கொண்டாட்டத்துக்கு நடுவில், ஒருத்திக்குக் கணவன் திரும்பி வரப்போகிறான், இன்னொருத்திக்குப் பிரிவு வரப்போகிறது என்பதை இரண்டு கண்ணை வைத்துச் சொல்லிவிடுகிறார் இளங்கோ. இங்கே வலதுதான் கெட்ட செய்தி.

இது ஐயா சொன்ன ஆமினஸ் வகை, சினிஸ்டர் இல்லை. கண்ணுக்கு ஏது வஞ்சகம்!

#6 முத்துநகர்

தூத்துக்குடியிலிருந்து ஒரு சங்குச் சேதி.

கடலில் எடுக்கிற சங்கு கிட்டத்தட்ட எல்லாமே இடம்புரி. எப்போதாவது அபூர்வமாக ஒரு வலம்புரி கிடைத்தால் அது பூசையறைக்குப் போகும். விலை கேட்டால் தலை சுற்றும். ஆனால் அந்த வலம்புரியை விலங்கியல் படித்தவர் கையில் கொடுத்துப் பாருங்கள், 'இது சினிஸ்ட்ரல்' என்பார். அதே லத்தீன் சொல், இடம் திரும்பியது என்று அர்த்தம்.

குழப்பம் பிடிக்கிற விதத்தில். அவர்கள் சுருளின் உச்சியை மேலே வைத்து வாயைத் தங்கள் பக்கம் திருப்பிப் பார்ப்பார்கள். வாய் இடப்பக்கம் வந்தால் சினிஸ்ட்ரல். நாம் அதைத் தலைகீழாக, உச்சி கீழே, கூர்வால் மேலே இருக்கும்படி பார்க்கிறோம். வாய் வலப்பக்கம் வந்துவிடுகிறது. ஒரே சங்கு, அங்கே சினிஸ்டர், இங்கே லட்சுமி கடாட்சம்.

#7 கண்ணாடிக்கடை

எங்கள் தொழிலில் இந்தச் சொல் தினமும் வரும். உங்கள் பவர் சீட்டை எடுத்துப் பாருங்கள். சில டாக்டர்கள் ஆர்.இ., எல்.இ. என்று எழுதுவார்கள். ஓ.டி., ஓ.எஸ். என்று எழுதியிருந்தால் ஓ.எஸ். என்பது ஆக்குலஸ் சினிஸ்டர், இடக்கண். இதை ஒரு கல்லூரிப் பையனிடம் சொன்னேன், அவன் நாள் முழுக்க ஒரு கண்ணை மட்டும் சுருக்கிக்கொண்டு திரிந்ததாக அவன் அம்மா வந்து சொன்னார்.

#8 ஓரப்பார்வை

அப்போ இடதுசாரிகள் எல்லாம் சினிஸ்டரா? :)

#9 நெறியாளர்

@ஓரப்பார்வை, இத்தாலியில் இடதுசாரிக்குப் பெயரே சினிஸ்ட்ராதான். அங்கே அது சாதாரணச் சொல். அரசியலுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளவும்.

#10 மைக்கூடு

எல்லாருக்கும் நன்றி. சங்கு, கண்ணாடி, கண்ணகி எல்லாம் அருமை. ஆனால் என் கதையில் அந்த ஆள் இன்னும் துண்டை மடித்துக்கொண்டே இருக்கிறார். பதிப்பகத்தில் திங்கட்கிழமை கேட்கிறார்கள்.

#11 இரவுப்பணி

பத்திரிகை மேசையில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பவன். எங்கள் பக்கத்து அனுபவத்தைச் சொல்கிறேன்.

முதலில் மெனஸ். வெண்கட்டி ஐயா சொன்னது இங்கிலாந்து மெனஸ். நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகைகளில் மெனஸ் என்றால் கொசு. கொசு மெனஸ், குரங்கு மெனஸ், தெருநாய் மெனஸ். இதை 'கொசு அச்சுறுத்தல்' என்று ஒரு பயிற்சிப் பையன் எழுதிவிட்டான். கொசு கத்தியைக் காட்டியதா என்று தலைமை உதவி ஆசிரியர் கேட்டார். மாநகராட்சிக்கு மனு எழுதுகிறவர் எவரும் அச்சுறுத்தல் என்று எழுத மாட்டார். கொசுத்தொல்லை. முடிந்தது.

சினிஸ்டர் எங்களுக்கு வருவது பெரும்பாலும் அரசியல் அறிக்கையில். எதிர்க்கட்சியின் 'சினிஸ்டர் டிசைன்' என்று வரும். அதே பையன் அதை 'அபாயகரமான வடிவமைப்பு' ஆக்கினான். பாலம் கட்டும் செய்தி என்று நினைத்திருப்பான். அங்கே டிசைன் என்றால் திட்டம், சூழ்ச்சி. நாங்கள் 'இதில் உள்நோக்கம் இருக்கிறது' என்று போட்டுவிடுவோம். கவனியுங்கள், 'தீய உள்நோக்கம்' என்றுகூட எழுதத் தேவையில்லை. உள்நோக்கம் என்றாலே தமிழில் கெட்டதுதான். நல்ல உள்நோக்கத்தோடு யாரும் எதையும் செய்ததாகச் செய்தி வந்ததில்லை.

துண்டுக்கு இது உதவாது என்று தெரியும். துண்டை உள்நோக்கத்தோடு மடிக்க முடியாது.

#12 குளிர்தேசம்

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளில் தமிழ் ஆக்களுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போகிறனான். மைக்கூடு தங்கச்சிக்கு ஒரு கதை.

இங்கத்தைய டாக்டர்மாருக்கு இந்தச் சொல் வாய்ப்பழக்கம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு 'நத்திங் சினிஸ்டர்' என்பார்கள். பேய்க்கதை இல்லை, புற்றுநோய் இல்லை என்று அர்த்தம். கான்சர் என்ற சொல்லை வாயால் எடுக்காமல் அது இல்லை என்று சொல்கிற வழி. தகுதிவழக்கு தம்பி சொன்ன மங்கல வழக்குத்தான், அதுவும் கெட்ட சொல்லை வைத்தே.

முதல் தடவை இதை ஒரு வயசான அம்மாவுக்குச் சொல்ல வேண்டி வந்தது. கழுத்தில் ஒரு கட்டி. நான் அவசரத்தில் "பெரிசாப் பயப்பிடுற மாதிரி ஒண்டும் இல்லை அம்மா" என்றேன். அவ என்ர கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப சின்னனாப் பயப்பிடுற மாதிரி இருக்கோ பிள்ளை?" என்று கேட்டா. டாக்டர் கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பிவிட்டார், அடுத்த ஆள் வெளியில் நிற்கிறது. அம்மா என்ர முகத்தையே பார்க்கிறா. அப்ப நான் டாக்டரிட்டைத் திரும்பி, நேராகக் கேட்டேன், கான்சர் இல்லை என்று சொல்லலாமா என்று. அவர் ஓம், தாராளமாகச் சொல்லுங்கோ என்றார். சொன்னேன். அவ கையை விட்டா.

அதுக்குப் பிறகு நான் கண்டுபிடித்த சொல், "பிழையா ஒண்டும் இல்லை". எங்கட பக்கத்தில் 'பிழை' என்றால் கணக்கில் வருகிற பிழை மட்டும் இல்லை. "அவன்ர பார்வை பிழை" என்றால் பிள்ளைகளை உள்ளே கூப்பிடுவோம். ஆனாலும் டாக்டரிட்டை ஒருக்கால் கேட்டுவிட்டுத்தான் சொல்லுவேன். ஆஸ்பத்திரியில் அழகான சொல்லைவிட விளங்குகிற சொல் முக்கியம்.

#13 தகுதிவழக்கு

அக்கா சொன்னது அருமை. மைக்கூடு அவர்களே, 'வஞ்சகமாக' என்று போட்டால் என்ன? 'வஞ்சகச் சிரிப்பு' என்று சொல்கிறோமே.

#14 வெண்கட்டி

சிரிப்புக்குத் தமிழில் கடையே விரிக்கலாம் தம்பி. விஷமச் சிரிப்பு என்றால் குறும்பு, கிருஷ்ணன் வெண்ணெய் திருடிய பின் சிரிப்பது. நமட்டுச் சிரிப்பு, உதட்டுக்குள் அடக்கியது, கிண்டல். குரூரச் சிரிப்பில் வலியை ரசிக்கிறவன் தெரிகிறான், ஆனால் அங்கே எல்லாம் வெளியே வந்துவிட்டது. வஞ்சகச் சிரிப்பு கிட்டத்தில் வருகிறது. ஒரே சிக்கல், 'வஞ்சக' என்று சொன்ன மாத்திரத்தில் கதைசொல்லி தீர்ப்பு எழுதிவிட்டார். அவன் வஞ்சகன், வழக்கு முடிந்தது. சினிஸ்டரில் தீர்ப்பு இல்லை, சந்தேகம்தான் இருக்கிறது. துப்பறியும் கதையில் நான்காம் பக்கத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டால் மீதிப் பக்கங்களை யார் படிப்பது?

'மர்மமாக' என்றால் சந்தேகம் இருக்கும், கெடுதல் வாடை இருக்காது. 'விபரீதமாக' என்றால் ஏதோ நடந்தே விட்டது.

#15 அடுப்பங்கரை

இலக்கணம் எல்லாம் எனக்குத் தெரியாது. படித்துக்கொண்டே வந்தேன், ஒன்று சொல்லத் தோன்றியது.

எங்கள் வீட்டுக்கு ஒருத்தர் தரகராக வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, பேச்சு தேன். கொடுத்த மோரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வேறு வைத்துவிட்டுப் போனார். அவர் தெரு தாண்டியதும் அம்மா சொன்னாள், "ஆள் சரியில்ல." என்ன சரியில்லை என்று அப்பா கேட்டதற்கு அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை. "எனக்குச் சரியாப் படல, அவ்வளவுதான்." அவர் அப்புறம் என்ன ஆனார் என்பது வேறு கதை, அம்மா சொன்னது வீண்போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எல்லாரும் தேடுகிற சொல் அதுதானே? ஆள் சரியில்லை, பார்வை சரியில்லை, அந்தப் புளியமரத்துப் பக்கம் சரியில்லை.

#16 வெண்கட்டி

முப்பது வருடம் இந்தச் சொல்லை நடத்தினேன். ஒரு நாள்கூட இது தோன்றவில்லை. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

குளிர்தேசம் அம்மா சொன்ன 'பிழை'யும் இதே ஆள்தான், யாழ்ப்பாணத்துச் சட்டை போட்டிருக்கிறார்.

#17 மைக்கூடு

அடுப்பங்கரை அக்கா, படித்ததும் துள்ளிக் குதித்தேன். உடனே எழுதிப் பார்த்தேன்: 'அவர் துண்டை மடித்த விதம் சரியில்லை.'

இப்போது அவருக்குத் துணி மடிக்கத் தெரியவில்லை என்று ஆகிவிட்டது!

#18 பீச்சாங்கை

இடது கையால் மடித்திருப்பார்.

#19 இரவுப்பணி

'சரியில்லை' யை மடிப்பின் மேல் போடாதீர்கள். அது மடிப்பின் குறையாகிவிடும். அக்காவின் அம்மா சொன்ன இரண்டாவது வாக்கியத்தைப் பாருங்கள், 'எனக்குச் சரியாப் படல'. அதில் 'எனக்கு' இருக்கிறது. சந்தேகப்படுகிறவர் உள்ளே வந்துவிட்டார். உங்கள் கதையில் அது கதைசொல்லிதானே? மடிப்பு சுத்தம் என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் அவரைப் பேச விடுங்கள்.

#20 வெண்கட்டி

வழிமொழிகிறேன். பெயரடையைப் பெயரடையாகவே கொண்டுவர வேண்டும் என்று சட்டமில்லை. ஆங்கிலம் ஒரு சொல்லில் வைத்ததைத் தமிழ் ஒரு வினையில் வைத்துக்கொள்ளட்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளைப் பற்றி நம் மனசுக்குள் ஓடுவதைச் சொல்ல 'படவில்லை' க்கு இணையாக ஆங்கிலத்தில்தான் நல்ல சொல் இல்லை, தேடிப் பாருங்கள்.

எல்லா இடத்துக்கும் இதே மருந்தைப் போடாதீர்கள். அரசியல் அறிக்கை வந்தால் உள்நோக்கம், ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தால் குளிர்தேசம் அம்மாவின் வழி. கேடயச் சின்னங்களைப் பற்றிய புத்தகம் வந்தால் வெறும் இடது. அதிலும் கேடயத்தைப் பிடித்திருப்பவருக்கு இடது, பார்க்கிறவருக்கு வலது. சங்குக் கதைதான் மறுபடியும்.

#21 மைக்கூடு

இப்படி முடித்திருக்கிறேன்:

'கைத்துண்டை நான்காக மடித்தார். ஓரங்களை ஒன்றோடொன்று பொருத்தி, விரலால் ஒருமுறை நீவி, தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மடிப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த நிதானம் எனக்குச் சரியாகப் படவில்லை.'

தம்பியிடம் மறுபடியும் கொடுத்தேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "யாரைக் கொன்னான்?" என்று கேட்டான்.

இன்னும் இல்லைடா, பதினாறு பக்கம் இருக்கிறது என்றேன். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டான்.

#22 முத்துநகர்

புத்தகம் வந்ததும் பெயரைச் சொல்லுங்கள்.